தைப்பட்டத்தில் ஒரு குடும்பத்துக்கான காய்கறித் தோட்டம்: கார்த்திகைக் கடைசியிலிருந்து வைகாசி வரை

கொங்குச் சமவெளியில் தோட்டத்து வீட்டில் குடியிருந்துகொண்டு, தை முதல் வைகாசி வரை வீட்டுக்கு வேண்டிய காய்கறியில் பெரும்பகுதியைத் தாங்களே விளைவிக்க விரும்பும் நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டது. கையில் ஒரு கிணறோ ஆழ்துளைக் கிணறோ, ஒரு மாடோ அருகில் எரு கிடைக்கும் வழியோ, அவற்றோடு ஐந்து சென்ட் நிலமும் இருந்தால் போதும். ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. புதிதாகத் தோட்டம் போடுவோர் பெரும்பாலும் விதையிலிருந்து தொடங்கி, எருவுக்கு வந்து, கடைசியில் தண்ணீரைப் பற்றி யோசிக்கிறார்கள். தையில் விதைக்கும் பருவமான இந்தப் பட்டத்தில் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

1. முதலில் தண்ணீரை அளக்கவும்

ஆடிப்பட்டத்தில் விதைத்தால், பின்னால் வடகிழக்குப் பருவமழை வந்து கிணற்றை நிரப்பும். தைப்பட்டத்தில் நிலைமை வேறு. மார்கழியில் கிணறு நிறைந்து நிற்கும். பயிர் வளர வளர நீர்மட்டம் இறங்கும். செடி காய்த்து அதிகத் தண்ணீர் கேட்கும் பங்குனியிலும் சித்திரையிலும் கிணறு அடியைத் தொடும். ஆகவே தையில் தெரியும் தண்ணீரை வைத்துப் பரப்பைத் தீர்மானிக்கக் கூடாது. போன சித்திரையில் மோட்டார் எத்தனை நிமிடம் நிற்காமல் ஓடியது என்பதே சரியான அளவுகோல். அந்த இடத்துக்குப் புதியவர் என்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டுக்கொள்ளவும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு லிட்டர். கோடையில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்து முதல் ஆறு மில்லிமீட்டர் வரை நீரை ஆவியாக்கும். ஐந்து சென்டில் நடைபாதையும் வேலியோரமும் போக, பாத்தியாக மிஞ்சுவது ஏறக்குறைய 130 சதுர மீட்டர். அதற்கு உச்சக் கோடையில் நாளுக்கு 650 முதல் 800 லிட்டர் வரை வேண்டும். வாய்க்காலில் விட்டால் வழியில் கசிந்து வீணாவது தனி. ஒரு 200 லிட்டர் டிரம்மைக் குழாயின் அடியில் வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கவும். நான்கு நிமிடத்தில் நிரம்பினால், மேற்சொன்ன தேவைக்கு நாள்தோறும் பதினாறு நிமிட ஓட்டம் போதும். சித்திரையில் அதுகூடக் கிடைக்காது என்று தெரிந்தால் ஐந்து சென்டை மூன்றாகக் குறைக்கவும். மூன்று சென்ட்டை முழுத் தண்ணீரோடு வளர்த்தால் கிடைக்கும் காய், ஐந்து சென்டை அரைத் தண்ணீரில் வாட்டினால் கிடைக்காது.

மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே வரும் இடங்களில் ஒரு தொட்டி அவசியம். தொட்டி இல்லையென்றால் நண்பகலில் மின்சாரம் வரும்போதுதான் நீர் பாய்ச்ச நேரிடும். அதில் பெரும்பகுதி வெயிலுக்கே போகும்.

2. எருவைச் சோதித்தல்

காய்கறிக்கு ஏக்கருக்குப் பத்து டன் மட்கிய தொழு எரு என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. சென்டுக்கு நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஒற்றை மாடு வைத்திருக்கும் வீட்டில் ஐந்து சென்டுக்கு வேண்டிய எரு சேர மூன்று நான்கு மாதமும், அது மட்க மேலும் மூன்று மாதமும் ஆகும். எனவே வைகாசி, ஆனியிலேயே குழியில் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். சேர்க்காதவர்கள் இந்த ஆண்டு விலைக்கு வாங்குவதே நல்லது.

வாங்கும்போது குவியலின் மேற்பரப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு ஒரு பிடி எடுக்கவும். சூடு இருக்கக் கூடாது. சாணி வாடை போய் மண்வாசனை வர வேண்டும். விரலால் தேய்த்தால் உதிர வேண்டும். பிடியில் கட்டைவிரல் பருமனில், வெளுத்த உடலும் பழுப்புத் தலையுமாக வளைந்து கிடக்கும் புழுக்கள் வந்தால், அவற்றைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட்டு எருவைச் சல்லடையில் சலித்த பிறகே பாத்திக்குக் கொண்டுபோகவும். மட்காத எரு கரையானையும் வேர்ப்புழுவையும் அழைத்து வருவதோடு, மட்குவதற்காக மண்ணில் உள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். எரு போட்டும் செடி மஞ்சளாகவே நிற்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

3. நாற்றங்கால்: மூன்று விதை, மூன்று நாள்

மிளகாய், கத்தரி, தக்காளி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் விதைப்பது புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. மிளகாய் நாற்றுக்கு நாற்பது முதல் நாற்பத்தைந்து நாள், கத்தரிக்கு முப்பது முதல் முப்பத்தைந்து நாள், தக்காளிக்கு இருபத்தைந்து நாள் வேண்டும். ஒன்றாக விதைத்தால், மிளகாய் நடவுக்கு வரும்போது தக்காளி நாற்று முற்றிக் கணுவிட்டு நிற்கும். ஆகவே மிளகாயைக் கார்த்திகைக் கடைசியிலும், கத்தரியை மார்கழி முதல் வாரத்திலும், தக்காளியை மார்கழி நடுவிலும் விதைக்கவும். மூன்றும் தை பத்தாம் தேதி வாக்கில் ஒன்றாக நடவுக்கு வந்து சேரும்.

தக்காளிக்கு இந்தத் தேதி ஏன் முக்கியம் என்றால், பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கத் தொடங்கிவிட்டால் அதன் பூ பிஞ்சாகாமல் உதிரும். மாசிக்குள் பூத்தால்தான் பங்குனியில் பழம். மாசி பிறந்த பிறகு நாற்றுப்பண்ணையில் தக்காளி நாற்று வாங்கி நடுபவர்கள், இலை செழித்துக் காயில்லாத செடியைச் சித்திரையில் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதைப் படிக்கும்போதே மாசி ஆகிவிட்டது என்றால் இந்தப் பிரிவையே விட்டுவிட்டு, நேரடியாக விதைக்கும் காய்களோடு நின்றுகொள்ளவும்.

நாற்றங்காலை ஒரு மீட்டர் அகலத்தில், அரை அடி உயர்த்திப் போடவும். மார்கழிப் பனியில் தாழ்ந்த பாத்தியில் நீர் தேங்கினால் நாற்று தரையோடு ஒட்டிய இடத்தில் அழுகிச் சாயும். விதையை நன்மை செய்யும் பூஞ்சணமான ட்ரைக்கோடெர்மா விரிடியில் கிலோவுக்கு நான்கு கிராம் கணக்கில் புரட்டுவது இதைத் தடுக்கும். வீட்டளவு விதைக்கு ஒரு சிட்டிகை போதும். மாலையில் தண்ணீர் தெளிக்காமல் காலையில் தெளிக்கவும். பிடுங்குவதற்கு நான்கு நாள் முன்பிருந்து நீரைக் குறைத்தால் தண்டு கெட்டிப்பட்டு நடவைத் தாங்கும்.

4. வேலி

நாற்று வளரும் நாட்களில் வேலியை முடித்துவிடவும். விதை போட்ட பிறகு வேலி என்று தள்ளிவைத்தால் முதல் முளையைக் கோழியும் மயிலும் பங்கிட்டுக்கொள்ளும். மயிலை அடிப்பதோ பிடிப்பதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வலை கட்டித்தான் சமாளிக்க வேண்டும். ஐந்தடி நைலான் வலையின் அடிப்பகுதியை மண்ணில் ஒரு சாண் புதைக்கவும். முளை வரும் இரண்டு வாரங்களுக்குப் பாத்தியின் மேலும் பழைய வலையை விரித்து வைக்கலாம். கிளுவை வேலி இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு இடைவெளிகளை மட்டும் அடைத்தால் போதும்.

5. களையை முளைக்கவிட்டு அழித்தல்

தை பிறந்ததும் நிலத்தை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, எருவைப் பரப்பிக் கலந்து, நன்றாக ஒரு தண்ணீர் விடவும். பிறகு எட்டு முதல் பத்து நாள் வரை எதையும் விதைக்க வேண்டாம். மண்ணிலும் எருவிலும் இருந்த களைவிதை அந்த நாட்களில் பச்சையாக எழும். அதைக் களைக்கொத்தால் இரண்டு விரற்கடைக்கு மேல் ஆழம் போகாமல் சீவி விடவும். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் விதை மேலே வந்து அடுத்த சுற்று முளைக்கும். இந்தக் காத்திருப்பு வீண் நாள் என்று நினைத்துத் தாண்டுகிறவர்கள், மாசியில் வெண்டைக்கும் களைக்கும் நடுவே உட்கார்ந்து விரலால் பிரித்தெடுப்பார்கள். கோரை மட்டும் சீவினால் போகாது. அதன் கிழங்கைத் தோண்டி எடுத்து, தோட்டத்துக்கு வெளியே வெயிலில் காயப்போட வேண்டும்.

பாத்தியின் வடிவத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். காணொளிகளில் பார்த்த மேட்டுப்பாத்தியை அப்படியே போடுகிறார்கள். மேட்டுப்பாத்தி மழைக்காலத்துக்கானது, அதிக நீர் வடிவதற்காக உயர்த்தப்படுவது. கோடையில் அதே உயரம் நான்கு பக்கமும் வெயிலையும் காற்றையும் வாங்கி மண்ணைக் காயவைத்துவிடும், செம்மண்ணில் இன்னும் வேகமாக. தைப்பட்டத்துக்குப் பாத்தி நடைபாதையைவிட மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். விட்ட தண்ணீர் பாத்திக்குள்ளேயே நிற்கும். காற்றில் பறக்கும் சருகும் அங்கேயே தங்கும். அகலம் நான்கடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை எட்டினால்தான் உள்ளே மிதிக்காமல் காய் பறிக்கலாம்.

6. எத்தனை செடி போதும்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 முதல் 400 கிராம் காய்கறி, கீரை என்று கொண்டால், நால்வருக்கு 1.2 கிலோவிலிருந்து 1.6 கிலோ வரை ஆகும். இதை வெண்டையாகவே கொடுத்தால் பத்தாம் நாள் குழந்தைகள் சோற்றை விட்டு எழுந்துவிடும். ஆகவே வகை முக்கியம்.

ஒரு வெண்டைச் செடி தன் ஆயுளில் கால் கிலோவுக்குக் குறையாமல் தரும். வாரம் ஒரு கிலோ தேவைப்படும் வீட்டுக்கு நாற்பது செடி போதும். அதையும் இருபது இருபதாக, இருபது நாள் இடைவெளியில் இரண்டு முறை விதைக்க வேண்டும். கத்தரி பன்னிரண்டு செடி, மிளகாய் பதினைந்து, தக்காளி இருபது. கொத்தவரைக்கும் தட்டைப்பயறுக்கும் தலா ஒரு பாத்தி. கொடிகளில் பீர்க்கு, பாகல், சுரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழி. பூசணிக்கு ஒன்றே போதும், ஏனெனில் அது பத்தடிக்கு ஓடி மற்றவற்றின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். சுரையை நான்கு குழி போடுபவர் சித்திரையில் வழியில் போவோரையெல்லாம் நிறுத்திச் சுரைக்காய் கொடுத்துக்கொண்டிருப்பார். கீரைக்கு நான்கு சிறு பாத்தி. பத்து நாளுக்கு ஒன்றாக விதைத்தால், முளைக்கீரை இருபத்தைந்து நாளில் அறுவடைக்கு வரும்போது அடுத்தது பாதி வளர்ந்திருக்கும்.

7. நடவும் விதைப்பும்

நாற்றை மாலை நான்கு மணிக்கு மேல் நடவும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் எனப்படும் இரண்டாம் தண்ணீர். தக்காளிக்கும் மிளகாய்க்கும் வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஒன்றரையடி. கத்தரிக்கு இரண்டு பக்கமும் இரண்டடி. சிறியதாக இருக்கும்போது இடம் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையில் முதல் மாதம் கொத்தமல்லியோ முள்ளங்கியோ எடுத்துவிடலாம்.

வெண்டையை முன்னிரவே ஊறவைத்து, தை பிற்பாதியில், ஒன்றரையடிக்கு ஓரடி இடைவெளியில், குழிக்கு இரண்டு விதை போடவும். தை முற்பாதிக் குளிரில் அது முளைக்கத் தயங்கும். மஞ்சள் நரம்புத் தேமல் நோய் கோடையில்தான் அதிகம் வரும் என்பதால், அதைத் தாங்கும் அர்கா அனாமிகா போன்ற வகையைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலையைக் குறைக்கும். சேமித்து வைத்த விதையாக இருந்தால் இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்க்கவும். பதினான்குக்குக் கீழே முளைத்தால் குழிக்கு ஒரு விதை கூடுதலாகப் போடவும்.

கொடி வகைகளுக்கு ஒன்றரையடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, இரண்டு கூடை எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, நான்கு விதை ஊன்றி, இரண்டை மட்டும் விட்டு வைக்கவும். பந்தலை விதைக்கும் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். கொடி ஓடிய பிறகு கால் நட்டால் வேர் அறுபடும்.

8. மூடாக்கு, முளைத்த பிறகு மட்டும்

செடி நான்கிலை விட்ட பிறகு கரும்புத் தோகை, கடலைத் தொலி, தென்னஞ்சருகு ஆகியவற்றில் கிடைப்பதை மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பவும். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடவும். முளைக்கும் முன்பே மூடினால் முளை வெளிறி நீண்டு சாய்வதோடு, சருகுக்கடியில் பதுங்கும் வெட்டுப்புழு இரவில் தண்டை அறுத்துப் போடும். கரையான் உள்ள நிலத்தில் வேப்பிலையையும் கலந்து பரப்பவும். மூடாக்கு போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் பங்குனி நண்பகலில் விரலை விட்டுப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

9. யார் எப்போது செய்வது

தோட்டம் கருகுவது பெரும்பாலும் ஆள் இல்லாத மூன்று நாளில்தான். பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, குலதெய்வக் கோயில் பொங்கல், முகூர்த்தங்கள் எல்லாம் வெயில் உச்சத்தில் இருக்கும் அதே வாரங்களில் வரும். குடும்பமே கிளம்பும் நாட்களைத் தையிலேயே நாட்காட்டியில் குறித்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு முறை வைத்துக்கொள்ளவும். அவர் போகும்போது நீங்கள், நீங்கள் போகும்போது அவர்.

தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பு இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற எல்லா வேலைகளோடும் சேர்த்து வீட்டுப் பெண்ணின் தலையில் இதையும் கட்டிவிடும் குடும்பங்களில் தோட்டம் இரண்டாம் ஆண்டு இருப்பதில்லை. அது நியாயமும் இல்லை. பால் கறக்கும் நேரத்துக்கு முன்போ பின்போ அரை மணி என்று ஒருவர் நிலையாக எடுத்துக்கொள்வதே நீடிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பங்குனியில் தேர்வு இருக்கும். அப்போது அவர்களுக்கு வேலை வைக்காமல், சித்திரை விடுமுறையில் காய் பறித்து எடைபோடும் வேலையையும் வற்றலுக்குக் காவலையும் கொடுக்கலாம்.

குளியலறை, பாத்திரம் கழுவும் நீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பவும். நான்கு பேர் வீட்டுக் கழிவுநீர் ஐந்தாறு வாழைக்குப் போதும். கீரைப் பாத்திக்கும் பப்பாளிக்கும் அதைத் திருப்ப வேண்டாம்: உண்ணும் இலையில் சோப்பு நீர் படக் கூடாது, பப்பாளிக்கோ நீர் தேங்கினால் வேர் அழுகும்.

10. காலையில் ஒரு சுற்று

பூச்சிக்கு மருந்தைவிட, காலையில் ஒரு முறை சுற்றி வருவது அதிகம் பலன் தரும். வெண்டையில் இலை நரம்புகள் மட்டும் மஞ்சள் வலை போலத் தெரிந்தால் அந்தச் செடியை அன்றே பிடுங்கிப் புதைக்கவும். வெள்ளை ஈ அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன். கத்தரியின் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. இரண்டு அங்குலம் கீழே கிள்ளி நசுக்கவும். வேலியோரம் இரண்டு வரிசைச் சோளமோ மக்காச்சோளமோ இருந்தால் வெள்ளை ஈ உள்ளே வருவது குறையும்.

வேப்பங்கொட்டைச் சாறு பத்து லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பு என்ற கணக்கு. இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும். வேம்பு பழுப்பது ஆனி, ஆடியில் என்பதால் கொட்டையை முந்தைய ஆண்டே பொறுக்கிக் காயவைத்திருக்க வேண்டும். பஞ்சகவ்யம் பத்து லிட்டருக்கு 300 மில்லி. அதற்கு மேல் போனால் இலை கருகும்.

பூசணியில் பூ நிறையப் பூத்துப் பிஞ்சு நிற்கவில்லை என்ற புலம்பல் ஆண்டுதோறும் வரும். விடிந்ததும் பூவின் அடியைப் பார்க்கவும். காம்பு நேராக இருப்பது ஆண். கோலிக்குண்டு அளவில் சிறு காய் ஒட்டியிருப்பது பெண். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டின் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவே ஒற்றவும். எட்டு ஒன்பது மணிக்குள் பூ சுருங்கத் தொடங்கிவிடும். சுரையும் பீர்க்கும் மாலையில் விரிபவை. அவற்றுக்கு இந்த வேலை அந்தியில்.

11. பறிப்பதும் சமைப்பதும்

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பறித்துவிடவும். இரண்டு காய் முற்றினால் செடி விதைக்குச் சத்தைத் திருப்பிப் புதுப் பூ விடுவதைக் குறைக்கும். பீர்க்கும் கொத்தவரையும் அப்படியே. என்ன சமைப்பது என்று தீர்மானித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகும் பழக்கத்தை மாற்றி, கூடையைப் பார்த்துவிட்டுச் சமையலைத் தீர்மானிக்க வேண்டும். புதிதாகத் தோட்டத்துக்குக் குடிவந்த வீடுகளில் கடினமான மாற்றம் இதுதான். காய் வீணாவது பெரும்பாலும் இந்தப் பழக்கம் மாறாததால்தான்.

மிஞ்சியதைப் பங்குனி, சித்திரை வெயிலில் வற்றலாக்கவும். கொத்தவரையையும் கத்தரித் துண்டுகளையும் உப்பு நீரில் ஒரு கொதி விட்டு வடித்துக் காயவைக்கலாம். மிளகாயைக் கீறி உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் காயவைத்து இரவில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் வற்றும் வரை தொடரவும். மாலை ஈரம் இறங்கும் முன் உள்ளே எடுக்கவும். ஒடித்தால் சத்தம் வர வேண்டும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் ஆறவிட்டு அடைக்கவும்.

12. வைகாசியில் பாத்தியை விடுவித்தல்

வீரிய ஒட்டு ரகம் அல்லாத வெண்டை, பீர்க்கு, கீரை ஆகியவற்றில் நோயில்லாத இரண்டு மூன்று செடிகளில் நடுப்பருவக் காய்களைச் செடியிலேயே முற்றவிட்டு விதை எடுக்கவும். கடைசிக் காய்களில் எடுத்த விதை சிறுத்திருக்கும். சாம்பலில் புரட்டி, வகையும் மாதமும் எழுதி, காற்றுப் புகாத பாட்டிலில் வைக்கவும். அர்கா அனாமிகா ஒட்டு ரகமல்ல; அதன் விதையையும் எடுத்து வைக்கலாம்.

ஓய்ந்த செடிகளைப் பரிதாபப்பட்டு நிறுத்தி வைக்க வேண்டாம். அவற்றில்தான் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் ஆடி வரை தங்கும். கோடை மழை ஒன்று விழுந்ததும் பாத்தியில் பசுந்தாள் உரச் செடிகளான சணப்போ தக்கைப்பூண்டோ அடர்த்தியாகத் தூவவும். நாற்பத்தைந்து நாளில், பூக்கும் தறுவாயில் அதை மடக்கிக் கொத்திவிட்டால் இரண்டு வாரத்தில் மட்கி, ஆடி விதைப்புக்கு மண் ஆயத்தமாகிவிடும்.